பிள்ளை சுகமா?

கடிதம் எழுதும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், ஈழத்துத் தமிழர் வீடுகளிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கடிதமும் ஒரே மரபிலேதான் தொடங்கும். இவ்விடம் யாவரும் சுகம் என்பது முதல் வரி. அவ்விடத்துச் சுகமறிய அவா என்பது அடுத்த வரி. கடிதத்தின் இடத்தை இன்று தொலைபேசி பிடித்துக்கொண்டது. ஆயினும் கேள்வி மாறவில்லை. வேலைத்தலத்திலிருந்து மதிய இடைவேளையில் வீட்டுக்குப் பேசும் தாயொருத்தி முதலிற் கேட்பது, "பிள்ளை சுகமா?" என்பதே.

அக்கேள்விக்கு விடை கூறுபவர் பெரும்பாலும் பிள்ளையின் அம்மம்மா அல்லது அப்பம்மா. தூர மாவட்டமொன்றிலே படிப்பிக்கும் ஆசிரியை, இரவுக் கடமை பார்க்கும் தாதி, ஆடைத் தொழிற்சாலையிலே தைக்கும் பெண், கடல்கடந்து வேலைக்குச் சென்ற தாய் ஆகிய அனைவரும் தம் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களை நம்பியே விட்டுச் செல்கின்றனர். மலையகத் தோட்டங்களிற் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் பிள்ளைக்காம்பராவிலே குழந்தையை விட்டுச் செல்லுகிறாள்; குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய பொறுப்பு லயத்திலிருக்கும் பாட்டியின் கைக்கு வந்துவிடும். நாட்டின் உழைப்பிற் கணிசமான ஒரு பங்கு இம்முதியவர்களின் மடியைத் தாங்குகோலாகக் கொண்டே நடைபெறுகின்றது என்றாற் பிழையாகாது.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவனையும் அவர் நான்காவது கூறாக எண்ணினார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அந்த நான்காம் இடத்திலேயே நிற்கின்றார். வைத்தியர் பிள்ளையைச் சில நிமிடங்களே காண்பார். மிகுதி நேரம் முழுவதும் காண்பவர் அவரே. எனவே அவர் எதைக் கவனிக்க வேண்டும், கவனித்ததை எவ்வாறு கூற வேண்டும் என்பவை சிறு காரியங்கள் அல்ல.

"சுகந்தான், கொஞ்சம் மேல் சுடுகிறது" என்னும் விடை அன்பினாற் சொல்லப்படுவது. வேலைத்தலத்தில் இருக்கும் மகள் கலங்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆயின் அவ்விடையிலிருந்து தாயோ வைத்தியரோ எதையும் அறிந்துகொள்ள முடியாது. பயன்படும் விடையில் நான்கு செய்திகள் அடங்கியிருத்தல் வேண்டும். பிள்ளை என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது என்பது முதலாவது. எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பது இரண்டாவது. மூச்சு எப்படி இருக்கிறது என்பது மூன்றாவது. காய்ச்சல் தணிந்திருக்கும் வேளையில் விளையாடுகின்றதா, அல்லது சோர்ந்து கிடக்கின்றதா என்பது நான்காவது. உடல்வெப்பமானி காட்டும் எண்ணைவிட இந்நான்குமே நோயின் கடுமையைத் தெளிவாகக் காட்டுவன.

காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் தனியே ஒரு நோயன்று. உட்புகுந்த கிருமியை எதிர்ப்பதற்காக உடல் தன் வெப்பத்தை உயர்த்திக்கொள்வதே காய்ச்சல். ஆதலால் வெப்பத்தை முற்றாக இறக்கிவிட வேண்டுமென்று பதற வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஆறுதல் அளித்தாற் போதும். மெல்லிய பருத்தி உடை, காற்றோட்டமான அறை, அடிக்கடி பருகக் கொடுத்தல் ஆகியன முதற் பரிகாரங்கள். குளிர்கிறது என்று கம்பளியாற் போர்த்தி, யன்னல்களை அடைத்து வைப்பது வெப்பத்தை மேலும் ஏற்றும். ஆனால் மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை செல்சியசு, அதாவது பரன்ஹைற் அளவில் 100.4 பாகை, காய்ச்சல் கண்டால் வீட்டில் வைத்துப் பார்த்தல் ஆகாது. அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

பனடோல் என்று யாவரும் அழைக்கும் பரசிற்றமோல் மருந்தின் அளவு, பிள்ளையின் வயதைக் கொண்டன்றி எடையைக் கொண்டே கணிக்கப்படுவது. ஒரு கிலோகிராம் எடைக்கு 15 மில்லிகிராம் என்பது ஒருவேளை அளவு. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஒருவேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே ஆறு மணித்தியாலம் விடவேண்டும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படலாகாது. பாணி மருந்துகள் வெவ்வேறு செறிவில் விற்கப்படுகின்றன. ஆதலால் போத்தலின் மேல் எழுதியிருப்பதை வாசியாமல் கரண்டிக் கணக்கிற் கொடுத்தல் தவறு. கூட்டுக் குடும்பங்களிலே இன்னுமொரு ஆபத்து உண்டு. பத்து மணிக்கு அம்மம்மா கொடுத்த மருந்தைப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த மாமா அறியார். அவரும் அன்பினால் ஒரு கரண்டி கொடுத்துவிடுவார். அளவு மீறிய பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும்.

இவ்விடரைத் தவிர்ப்பதற்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். காலை 6 மணி, 38.6 பாகை, மருந்து கொடுத்தது. 7 மணி, கஞ்சி அரைக் கோப்பை. 9 மணி, சிறுநீர் ஒருமுறை, நிறம் மஞ்சள். 11 மணி, இளநீர் ஒரு கோப்பை, ஒருமுறை சத்தி. இவ்வாறு எழுதிய ஒரு பக்கம் வைத்தியரின் கையிற் கிடைத்தால், அவர் அரைமணி நேரம் கேட்டறிய வேண்டியதை அரை நிமிடத்தில் அறிந்துகொள்வார். எழுதத் தெரியாத பெரியவர் பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்த பேத்தியைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

இக்கொப்பி உயிர் காக்கும் கருவியாகும் நோய் ஒன்று உண்டு. அது டெங்கு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவு செய்யப்பட்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்நோயிற் பெரியோரை ஏமாற்றும் இயல்பொன்று இருக்கின்றது. மற்றைக் காய்ச்சல்களிற் சூடு இறங்கினால் நோய் நீங்குகின்றது என்று கொள்ளலாம். டெங்கிலோ, சிலருக்கு ஆபத்துக் காலம் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்குகின்றது. மூன்றாம் நாளுக்குப் பின் ஏறத்தாழ ஏழாம் நாள்வரையில், இரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே வடிந்துவிடும். இரத்தம் தடித்து, ஓட்டம் தளர்ந்து, கைகால் குளிரும். தொட்டுப் பார்க்கும் பாட்டி, "சூடு விட்டுவிட்டது, பிள்ளை அயர்ந்து தூங்குகின்றது" என்று ஆறுதல் அடைவார். அவ்வேளையில் அத்தூக்கம் தூக்கமாயிராது.

ஆதலின் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நன்று. கடும் வயிற்றுவலி, ஓயாத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், தெளிவற்ற மயக்கம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். டெங்கு எனச் சந்தேகிக்கும் காலத்தில் பரசிற்றமோல் தவிர அசுப்பிரின், இபுபுரோபன் போன்ற வேறு வலிநீக்கிகளைக் கொடுத்தல் ஆகாது. அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கும். சிவப்பு, கபில நிறப் பானங்களையும் உணவுகளையும் தவிர்க்குமாறு வைத்தியர்கள் கூறுவதற்கும் காரணம் உண்டு. பிள்ளை சத்தியெடுத்தால், அதில் இரத்தம் கலந்திருக்கின்றதா, குடித்த பானத்தின் நிறமா என்று பிரித்தறிய முடியாமற் போய்விடும்.

அடுத்தது வயிற்றோட்டம். வயிறு கழிகின்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் மேலும் கழியும், ஆகையால் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்னும் எண்ணம் பல வீடுகளில் இன்னும் மறையவில்லை. பார்வைக்கு இது நியாயம் போலத் தோன்றும். உண்மையில், வயிற்றோட்டத்தால் இறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இறப்பது உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதனாலேயே. போவதை ஈடு செய்வதே பரிகாரம். வெறுந்தண்ணீரைக் குடலால் அந்நேரத்தில் நன்றாக உறிஞ்ச இயலாது. ஆனால் உப்பும் குளுக்கோசும் தக்க அளவிற் கலந்திருந்தால், குடற்சுவரிலுள்ள ஒரு வாயில் இரண்டையும் ஒருசேர உள்ளே இழுத்துக்கொள்ளும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். நோயுற்ற குடலிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. ஜீவனி என்று இந்நாட்டு மக்கள் அறிந்த உப்புக் கரைசலின் இரகசியம் இதுவே.

இதன் ஆற்றல் உலகுக்குத் தெளிவானது 1971ஆம் ஆண்டிலே. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தோர் நிறைந்திருந்த மேற்கு வங்காளத்து எல்லைப்புற ஊராகிய பொங்கானிற் கொள்ளைநோயாக வாந்திபேதி பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோகவே, திலீப் மகாலனபிசு என்னும் வைத்தியர் உப்பு, குளுக்கோசு, அப்பச்சோடா ஆகியவற்றைக் கரைத்துப் பீப்பாக்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாயிற்று. அங்கே அக்கோப்பையை ஏந்தி அருகிருந்தோர் தாயரும் தமக்கையரும் பாட்டியருமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஜீவனிப் பொதியொன்றைக் கொதித்தாறிய நீரில், பொதியில் எழுதியுள்ள அளவிற்கு ஏற்பவே கரைத்தல் வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து தீங்கு செய்யும். நீர் கூடினாற் பயன் குறையும். சீனி சேர்த்தலும், பிள்ளை ஒரு கோப்பைதானே குடிக்கும் என்று அரைப் பொதியைக் கைக்கணக்கிற் கரைத்தலும் கூடா. ஒவ்வொரு முறை கழிந்த பின்னும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர்வரையும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லிலீற்றர்வரையும் கொடுக்கலாம். சத்தியெடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு தேக்கரண்டியாக மீண்டும் தொடங்க வேண்டும். இங்கேதான் முதுமையின் பொறுமை மருந்தாகின்றது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் இரண்டு மணித்தியாலம் இருந்து கொடுப்பதற்கு அவசரக்காரரால் இயலாது. கரைத்த நீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவும் கூடாது. வைத்தியர் நாகச்சத்து மாத்திரை தந்தால், வயிற்றோட்டம் நின்ற பின்னரும் குறித்த நாள்வரை கொடுத்து முடித்தல் வேண்டும். கண் குழிதல், உச்சிக்குழி அமிழ்தல், அழும்போது கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல், மலத்தில் இரத்தம் ஆகியன வீட்டில் தாமதிக்கலாகாத குறிகள்.

தடிமனும் இருமலும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓயாதவை. பெரும்பாலானவை தாமே மாறிவிடும். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், வளர்ந்த பிள்ளைக்கு இளஞ்சூட்டிற் கொடுத்தால் தொண்டைக்கு இதமாயிருக்கும். அதனைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா. ஒரு வயது நிறையுமுன் தேன் தொட்டு வைத்தலும் தகாது. தேனிற் சிலவேளை இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, குழந்தையின் குடலிலே முளைத்து நஞ்சைப் பிறப்பித்து உடலைச் செயலிழக்கச் செய்யும். மூக்கடைப்புக்கு எண்ணெய் விடுதலும், கற்பூரத்தைக் குழைத்துப் பூசுதலும் அவ்வாறே தவிர்க்கற்பாலன. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். கற்பூரம் சிறு பிள்ளைக்கு வலிப்பை வருவிக்கவல்லது.

தடிமன் எது, நுரையீரலைப் பற்றிய நோய் எது என்று எவ்வாறு பிரித்தறிவது? மூச்சை எண்ணுவதே வழி. பிள்ளை அமைதியாக இருக்கும்போது மேற்சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் வயிறு எத்தனை முறை எழுகின்றது என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்பன எல்லைகள். எண்ணிக்கை இவ்வெல்லையை எட்டினும், மூச்செடுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். சென்ற மாதம் மூத்தவனுக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தை இளையவனுக்குக் கொடுத்து இந்நேரத்தை வீணாக்கலாகாது.

காய்ச்சலோடு வலிப்பு வருதல் ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் சிலரிடம் காணப்படுவது. பார்ப்பவர் நெஞ்சம் நடுங்கும். ஆயினும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே நின்றுவிடும். பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரும்புத் திறப்பைக் கையிற் கொடுத்தலாற் பயனில்லை. கரண்டியையோ விரலையோ வாயினுள் நுழைத்தல் பெருந்தீங்கு. ஐந்து நிமிடத்தில் நில்லாவிடின் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால், 2016ஆம் ஆண்டு தொடங்கிய இலவச நோயாளர் வண்டிச் சேவை வீட்டு வாசலுக்கு வரும். முதன்முறை வலிப்பு வந்த பிள்ளையை, நின்ற பின்னரும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

நோயினாலன்றி வீட்டிலுள்ள பொருள்களாலும் பிள்ளைகளுக்கு இடர் நேர்கின்றது. சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் அவற்றுள் ஒன்று. அதைக் குடித்த பிள்ளையைச் சத்தியெடுக்கச் செய்தல் கூடாது. மண்ணெண்ணெய் மேலெழும்போது நுரையீரலுக்குள் புகுவதே பேராபத்து. நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. மற்றையது பெரியவரின் தலையணைக்கு அருகிலுள்ள மாத்திரைப் பொதி. நீரிழிவுக்கு அவர் விழுங்கும் மாத்திரைகளுட் சில, ஒன்றே உட்சென்றாலும் சிறு பிள்ளையின் இரத்தத்துச் சீனியை உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும். தம் மருந்தை உயரத்தில் வைத்துப் பூட்டுதல், அதனை இனிப்பு என்று சொல்லாதிருத்தல், கிணற்றுக் கட்டின் வாயிலை மூடி வைத்தல் ஆகிய மூன்றும் மருந்தின்றிச் செய்யும் வைத்தியமாகும்.

இவ்வாறு கூறுவதனாற் பழைய வழக்கங்கள் யாவும் ஒதுக்கத்தக்கன என்று கொள்ளலாகாது. நோயுற்ற பிள்ளையைத் தனியே விடாமை, எளிதிற் செரிக்கும் கஞ்சியைச் சிறுகச் சிறுக ஊட்டுதல், வந்தவுடன் கைகால் கழுவியே பிள்ளையைத் தொடுதல் ஆகியன இன்றைய மருத்துவமும் போற்றுவன. நாவூறு கழித்தல் மனத்துக்கு அமைதி தருமாயின் தருக. அதன்பொருட்டு வைத்தியசாலைக்குப் புறப்படும் நேரம் பிந்தாதிருந்தாற் போதும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவமனை அமைத்த கிறீன் வைத்தியர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழ் நூல்களாகவும் வெளிவரச் செய்தார். புதிய அறிவு ஊர்மொழியில் வீட்டினுள் நுழைந்தாலன்றிப் பயன் தராது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

அவ்வறிவை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ஏற்பாடும் இந்நாட்டில் உண்டு. 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன்வழி வளர்ந்த சேவையே இன்று குடும்பநல உத்தியோகத்தரைப் படலையடிக்கு அனுப்புகின்றது. பிள்ளையின் எடை, வளர்ச்சி, தடுப்பூசி யாவும் பதியப்படும் சுகாதாரப் பதிவேடு தாயின் பெட்டியிற் பூட்டிக் கிடக்கலாகாது. பிள்ளையோடு இருக்கும் பெரியவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். 1993க்குப் பின் இந்நாட்டிற் போலியோ நோயாளர் காணப்படவில்லை. 2016இல் மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. இவ்வெற்றிகளிற் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்ற பாட்டியருக்கும் பங்குண்டு.

இறுதியாக, கேட்பவரின் கடமை ஒன்று இருக்கின்றது. தொலைபேசியில் விசாரிக்கும் மகள், "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கடிந்துகொண்டால், அடுத்த முறை உண்மை மறைக்கப்படும். தாமதமாகச் சொல்லப்பட்ட காய்ச்சல்கள் பலவற்றின் பின்னே, ஏச்சுக் கேட்க அஞ்சிய முதிய உள்ளம் ஒன்று இருக்கும். முழங்கால் நோவோடு இரவெல்லாம் விழித்திருந்தவரிடம், "நீங்கள் சாப்பிட்டீர்களா? உங்கள் மருந்தை எடுத்தீர்களா?" என்று முதலிற் கேட்டுவிட்டுப் பிள்ளையின் நிலையைக் கேட்டால், மறைவின்றி முழுச் செய்தியும் வரும். பெரியவரும், மகளின் மனத்தை நோகச் செய்யாதிருத்தலே அன்பு என்று எண்ணாது, கண்டதைக் கண்டவாறு கூறுதலே பேரன்பு என்று துணிதல் வேண்டும். வேளை அறிந்து சொல்லப்படும் உண்மைச் செய்தியைப் போலப் பிள்ளையைக் காக்கும் மருந்து வேறில்லை.